கேட்காத நாலு மணி நேரம்

கூரையில் ஒரு துளை போட
மூன்று சனிக்கிழமை தயங்கினேன்.
இருபத்திரண்டு வருடத்து லேண்ட் க்ரூஸர்,
கல்லும் முள்ளும் கீறாத இடம் அது ஒன்றுதான் பாக்கி.
டிரில் இறங்கியதும் வெள்ளித் தூள் பறந்து
காபியில் விழுந்தது.
குடித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு எல்லாம் வயர்.
பேட்டரியிலிருந்து சிவப்பு, கறுப்பு,
இரண்டுக்கும் தனித்தனி ஃபியூஸ்.
எஞ்சினுக்கும் என் காலுக்கும் நடுவே உள்ள தகட்டில்
ரப்பர் வளையம் வழியே,
பாம்பைப் புற்றுக்குத் திருப்பி அனுப்புவதுபோல
இழுத்து, தள்ளி, திட்டி.
ஆல்டர்னேட்டர் ஒரு கொசுவாகி
ரேடியோவுக்குள் புகுந்தது.
இருக்கைக்கு அடியில் துருவைச் சுரண்டி
வெறும் இரும்பில் எர்த் கொடுத்தேன்.
கொசு செத்தது.

என் அழைப்புக்குறியின் வாலில்
ஒரு சிறு கோடு, ஓர் ஒன்பது.
ஒன்பது என்றால் வண்டி.
நடப்பவர்களுக்கு ஏழு.
இறங்கி நடந்தால் நான் வேறு ஆள்.

முதல் சிக்னல் போனது. இதோயா போன் செய்தாள்.
அவள் சமையலறை ஜன்னலுக்கு மேலேதான்
இந்தப் பள்ளத்தாக்கில் சிதறும் பொட்டலங்களைப் பொறுக்கி
இணையத்தில் சேர்க்கும் பெட்டி இருக்கிறது.
"நடுக்கடலில் நிற்கிறாய். நீந்தத் தெரியுமா?"
செயற்கைக்கோள் அகப்படும் முன்பே அவசரப்பட்டுவிட்டது:
அட்சம் பூஜ்யம், தீர்க்கம் பூஜ்யம்.
நெவாடாவின் தூசியில், ஒற்றைக் கால் ஷூவோடு,
கினியா வளைகுடாவில் மிதந்தேன்
பதினோரு நிமிடம்.

எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்ல வேண்டும்?
பத்து என்றால் பாதி மலை காணாமல் போகும்.
அரை என்றால் வாய் மூடாத விருந்தாளி;
அலைவரிசை எல்லோருக்கும் பொது.
கடைசியில் இப்படி வைத்தேன்:
நேராகப் போனால் பேசாதே.
திரும்பினால் சொல்.

என்னோடு பதினாறு வருடம் இருந்தவரிடம்
நான் கேட்டதும் இவ்வளவுதான்.

அக்டோபரில், ஓபல் கல் தேடி வடக்கே.
மலை உச்சியில் சூரியத் தகட்டோடு தனியாக இருக்கும் ரிப்பீட்டர்
என் ஒவ்வொரு திருப்பத்தையும்
ஆட்டுக்குட்டி தும்முவதுபோல வாங்கி
அதே தும்மலாக வீசிற்று.

அப்புறம் இரண்டு பக்கமும் பாறை எழுந்தது.
என் பெட்டி தும்மிக்கொண்டுதான் இருந்தது.
பதில் தும்மல் இல்லை.
அங்கே, காய்ந்த ஏரியின் ஓரம்,
மேலே பிஸ்கட், கீழே கஞ்சி,
முன்சக்கரங்கள் அச்சுவரை போயின.

ஜாக்கி புதைந்தது. ஜாக்கிக்கு அடியில் பலகை வைத்தேன்,
பலகை புதைந்தது.
ஐஸ் பெட்டியின் மூடியையும் கொடுத்தேன்.
டின்னிலிருந்து பீச் பழத்தைக் கையால் தின்றேன்.
யாருமில்லையே என்று உரக்கப் பாடினேன்.
ஒரு பெயரைச் சொல்லித் திட்டினேன்,
திட்டி முடித்ததும் அதே பெயரைக் கூப்பிட்டேன்.
பெட்டி அரை மணிக்கொரு தரம் பாறையிடம் சொன்னது:
அதே இடம்.
அதே இடம்.

இரவு, இதோயா வீட்டில் ஆட்டுக்கறி சூப்.
ஏழு மணிவரை பார்த்துவிட்டு
ஷெரிஃபைக் கூப்பிட இருந்தாளாம்.
வரைபடத்தைத் திறந்தாள்.
பள்ளத்தாக்கின் வாயில் ஒரு புள்ளி.
மறுபக்கம், ஐந்தே காலுக்கு, அடுத்த புள்ளி.
நடுவே எட்டாயிரம் அடி முகட்டை
வெள்ளரிக்காய்போல நறுக்கிக்கொண்டு
ஒரு நேர்கோடு.
பறந்திருக்கிறேன்.

"இங்கே ஒரு திருப்பம்கூட இல்லையே" என்றாள்.
"இல்லை" என்றேன்,
மேசைக்கு அடியில்
நகக்கண் களிமண்ணைச் சுரண்டியபடி.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
இன்னொரு கரண்டி சூப் ஊற்றினாள்.
எழுந்து போய்
சோப்பை எடுத்துவந்து நீட்டினாள்.